அட்வென்ச்சர் வண்டிக்கு மாற்று ஹேண்டில்பார்: வளைவு முதலில், உலோகம் அப்புறம்

ஹேண்டில்பார் மாற்ற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எது வளையாது?" என்றுதான். கீழே விழுந்து பழைய பார் கோணிய பிறகே பலருக்கும் இந்த யோசனை வருகிறது. அதனால் கேள்வியும் அப்படி அமைந்துவிடுகிறது. ஆனால் தார் ரோட்டிலும் மண் பாதையிலும் நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் ஓட்டுகிற அட்வென்ச்சர் மோட்டார் சைக்கிளில் உறுதி இரண்டாவது விஷயம். கை எங்கே போய் அமர்கிறது, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது, எழுந்து நின்றால் முதுகு எவ்வளவு குனிகிறது என்பவைதான் முதல் விஷயம். உடம்புக்குப் பொருந்தாத வளைவில் எவ்வளவு உறுதியான பாரைப் போட்டாலும், நீண்ட பயணத்தின் மூன்றாம் நாள் தோளும் கழுத்தும் வலிக்கத்தான் செய்யும். அதனால் இங்கே வடிவத்தை முதலில் பேசுகிறேன். குழாயின் தடிமன், உலோகம், பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்.

மாற்றத்தான் வேண்டுமா?

வளையாத, விரிசல் இல்லாத பார் வண்டியில் இருக்கிறது, ஆனால் வசதியாக இல்லை என்றால், பணத்தைச் செலவு செய்வதற்கு முன் செலவில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். பாரை வண்டியோடு பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி பாரை ஐந்து டிகிரி முன்னாலோ பின்னாலோ சுழற்றினாலே கை நிலை நன்றாகத் தெரியும் அளவுக்கு மாறும். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது பாரின் எழும்பும் பகுதி முன் ஃபோர்க்கின் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாக இருப்பது நல்ல தொடக்க நிலை. அதைவிட அதிகமாகத் தன் பக்கம் சுழற்றினால் பாரின் முனைகள் கீழே இறங்கும், மணிக்கட்டு மடங்கும், எழுந்து நிற்கும்போது பார் இன்னும் தாழ்ந்துபோகும். உட்கார்ந்து ஓட்டும்போது அது சுகமாக இருப்பதால் நிறைய பேர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

லீவர்களின் கோணத்தையும் சரிசெய்யுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அவை உட்கார்ந்து ஓட்டுவதற்கு ஏற்றபடி சற்று மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். நிற்கும்போது முன்கை லீவரை நோக்கி மேலிருந்து இறங்கி வருவதால், லீவர் இன்னும் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் மணிக்கட்டு நேராக இருக்கும். கால் வைக்கும் ஃபுட் பெக்கைத் தாழ்த்துவதும் பாரை உயர்த்துவதற்குச் சமமான வேலையைச் செய்யும். நிற்கும்போது மட்டும் பார் எட்டவில்லை, உட்கார்ந்தால் சரியாக இருக்கிறது என்றால் பெக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு நிலைக்கும் ஒரே நேரத்தில் பாரை மாற்றினால், சரியாக இருந்த ஒன்று கெட்டுப்போகும்.

ரைசரா, புதிய பாரா?

உயரம் மட்டும்தான் குறை என்றால் ரைசர், அதாவது பாருக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் கட்டை, போதும். 20 மி.மீ., 30 மி.மீ. அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ரைசர் நேராக மேலே தூக்குவதில்லை. முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்விலேயேதான் பாரும் ஏறும். சாய்வு 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. ரைசர் பாரை சுமார் 27 மி.மீ. மேலேயும் சுமார் 14 மி.மீ. ஓட்டுபவர் பக்கமும் கொண்டுவரும். கை எட்டாதவருக்கு அது கூடுதல் லாபம். உயரமாக இருப்பவருக்கோ, நிற்கும்போது பார் தொடைக்கும் இடுப்புக்கும் நெருங்கி வந்து முன்னால் நகர இடமில்லாமல் செய்துவிடும். அவருக்குத் தேவை உயரம் கூடிய, ஆனால் பின்னால் வராத பார். அப்படிப்பட்டவர் முன்னுக்குத் தள்ளிவைக்கும் ஆஃப்செட் உள்ள ரைசரையோ, பின்வளைவு குறைந்த புதிய பாரையோ தேட வேண்டும்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பார் உயர உயர உடம்பு நிமிர்ந்து பின்னால் போகும், முன் சக்கரத்தின் மேல் விழும் எடை குறையும். தார் ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. உருளும் சரளையிலும் மணலிலும் முன் சக்கரம் பிடிமானம் இல்லாமல் மிதப்பது போலத் தோன்றும். எழுந்து நின்று, முட்டியை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்த நிலையில், முழங்கை சற்று மடங்கியபடி கை பாரில் விழ வேண்டும். அந்த நிலையில் கைப்பிடியை லேசாக விட்டால் உடம்பு முன்னாலும் பின்னாலும் விழக் கூடாது. விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு உயர்த்துவது அதிகம்.

பாரின் நான்கு அளவுகள்

புதிய பார்தான் என்று முடிவாகிவிட்டால் நான்கு எண்களைப் பார்க்க வேண்டும்: மொத்த அகலம், உயரம், பின்வளைவு, நடுவில் கிளாம்ப் பிடிக்கும் நேர்ப்பகுதியின் நீளம். தயாரிப்பாளர்கள் வெளியிடும் பட்டியலில் இவை எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு தயாரிப்பாளர் அளக்கும் முறையும் இன்னொருவர் அளக்கும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் உயரத்தைக் கிளாம்ப் பகுதியின் அடியிலிருந்து முனையின் உச்சி வரை அளப்பார், இன்னொருவர் குழாயின் மையத்திலிருந்து வளைவு எழும் இடம் வரை மட்டும் அளப்பார். படத்தில் அம்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பார்க்காமல் எண்களை மட்டும் ஒப்பிட்டால் 20 மி.மீ. வரைகூட ஏமாற்றம் வரும்.

அதைவிட நம்பகமான வழி, உங்கள் பழைய பாரையே அளவுகோலாக வைப்பது. கழற்றி ஒரு தட்டையான தரையில், நடுப்பகுதி தரையைத் தொடும்படி நிறுத்தி, முனை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளங்கள். அப்புறம் ஒரு சுவரோடு நடுப்பகுதியை ஒட்டிவைத்து, முனைகள் சுவரிலிருந்து எவ்வளவு விலகி வருகின்றன என்று அளங்கள். அதுதான் பின்வளைவு. இதோடு "இன்னும் 15 மி.மீ. உயரம் வேண்டும், பின்வளைவு 10 மி.மீ. குறைய வேண்டும்" என்று உங்கள் தேவையைக் கூட்டிக் கழித்து எழுதிவைத்துக்கொண்டால், பட்டியலில் பொருந்தும் வளைவுகள் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். விழுந்து கோணிய பாரில் இதைச் செய்ய முடியாது. அப்போது வண்டித் தயாரிப்பாளரின் அளவையோ அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரின் வண்டியையோ நாட வேண்டும்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஆசைப்பட்டு அதிகமாக எடுக்கிறார்கள். அட்வென்ச்சர் வண்டிகளின் பார்கள் பெரும்பாலும் 800 மி.மீ.-ஐச் சுற்றி இருக்கும். 760-லிருந்து 840-க்குப் போனால் நடுவிலிருந்து கை இருக்கும் தூரம் 380-லிருந்து 420 ஆகிறது, அதாவது சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஸ்டியரிங்கை அதே அளவு திருப்ப ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைந்த விசை போதும். பெட்டிகள் ஏற்றிய கனமான வண்டியை மெதுவான வேகத்தில் திருப்பும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும். ஆனால் கை அதே 10 சதவீதம் அதிகம் நகரவும் வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து யூ-டர்ன் அடிக்கும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் உடம்பை இழுத்துக்கொண்டு போகும். கை நீளம் குறைவானவருக்கு, அதுவும் வண்டி உயரமாக இருந்தால், அந்த இடத்தில்தான் விழும் அபாயம். வேகமாகப் போகும்போது மார்பில் அடிக்கும் காற்று உடம்பை அசைக்க, அந்த அசைவு அகலமான பார் வழியாக ஸ்டியரிங்குக்கு இன்னும் எளிதாகப் போய்ச் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போகிறவருக்கு அகலம் எதனால் தொல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு ஏற்ற அகலத்தைக் கண்டுபிடிக்க எளிமையான ஒரு வழி இருக்கிறது. தரையில் தண்டால் எடுக்கும் நிலைக்குப் போய், எந்த அகலத்தில் கை ஊன்றினால் உடம்பைத் தூக்க மிக எளிதாக இருக்கிறதோ, அந்த நிலையில் இரண்டு கைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அது துல்லியமான விடை அல்ல, ஆனால் நல்ல தொடக்கம். சந்தேகம் இருந்தால் சற்று அகலமானதை வாங்குங்கள். பாரை அறுத்துக் குறைக்கலாம், நீட்ட முடியாது. அறுப்பதற்கு முன் கிரிப், ஸ்விட்ச் பெட்டி, லீவர் கிளாம்ப் எல்லாவற்றையும் உள்பக்கம் நகர்த்திப் பொருத்தி அதே அகலத்தில் சில நாள் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் ரம்பத்தை எடுங்கள், அதுவும் ஒரு பக்கத்துக்கு 10 மி.மீ.-க்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

பின்வளைவு மணிக்கட்டின் கணக்கு. அதிகமான பின்வளைவு உட்கார்ந்து நீண்ட தூரம் போகிறவருக்கு இதம். முழங்கை உடம்போடு ஒட்டித் தளர்வாக இருக்கும். நின்று ஓட்டுகிறவருக்கு முழங்கை வெளியே விரிந்து இருக்க வேண்டும், அதற்குப் பின்வளைவு குறைந்த பார்தான் ஒத்துழைக்கும். ஒரே பாரில் இரண்டும் முழுமையாகக் கிடைக்காது. உங்கள் பயணத்தில் எந்த நிலை அதிகம் என்று உண்மையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பலருக்கும் உட்கார்ந்து போகும் நேரம்தான் அதிகமாக இருக்கும். மோட்டோகிராஸ் என்ற மண்தடப் பந்தய ஓட்டுநர்களின் பெயரில் விற்கும் வளைவுகள் பெரும்பாலும் தாழ்வாகவும் நேராகவும் இருக்கும். அவர்கள் ஓட்டுவது அரை மணி நேரப் பந்தயம். பத்து மணி நேரம் சேணத்தில் இருப்பவருக்கு அந்த வளைவு ஏன் பொருந்த வேண்டும்?

22 மி.மீ.-ஆ, 28 மி.மீ.-ஆ?

இப்போது குழாய்க்கு வருவோம். பேச்சுவழக்கில் 22 என்பது துல்லியமாக 22.2 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய எட்டில் ஏழு அங்குலம். 28 என்பது 28.6 மி.மீ. சில பெரிய வண்டிகளில் இதைவிடத் தடித்த கிளாம்ப் அளவும் உண்டு, அதனால் வாங்குவதற்கு முன் காலிப்பரால் நடுப்பகுதியை ஒருமுறை அளந்துவிடுங்கள். தடித்த பார், அதாவது ஃபேட்பார், நடுவில் மட்டும்தான் 28.6. கை பிடிக்கும் இடத்துக்கு வரும்போது சிறுத்து அதே 22.2-க்கு வந்துவிடும். அதனால் பழைய கிரிப், லீவர், ஸ்விட்ச் எல்லாம் அப்படியே பொருந்தும். மாற்ற வேண்டியது கிளாம்ப் மட்டுமே.

கவாசாகி கேஎல்ஆர் 650, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 போன்ற வண்டிகள் 22 மி.மீ. எஃகு பாரோடு வந்தவை. யமஹா டெனெரே 700, கேடிஎம் 790 அட்வென்ச்சர் போன்றவை தொழிற்சாலையிலிருந்தே தடித்த அலுமினிய பாரோடு வருகின்றன. இரண்டாவது வகை வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. நேராக வளைவைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் வகை வைத்திருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

தடித்த பார் ஏன் உறுதி? சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால், குழாயின் விறைப்பு ஏறக்குறைய விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். 22.2-லிருந்து 28.6-க்குப் போனால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. ஆனால் அலுமினியத்தின் இயல்பான விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், எடையும் அப்படியே மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குறையை விட்டத்தாலும் தடித்த சுவராலும் ஈடுசெய்கிறார்கள். 22 மி.மீ. அலுமினிய பாரில் விட்டத்தைக் கூட்ட வழி இல்லாததால் சுவரைத் தடிப்பாக்கி, இரண்டு பக்கங்களையும் ஒரு குறுக்குக் கம்பியால் கட்டுகிறார்கள். விழும்போது ஒரு பக்கத்தில் விழும் அடியை இன்னொரு பக்கமும் தாங்கிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான் அந்தக் குறுக்குக் கம்பி. ஜிபிஎஸ் கருவியையும் போனையும் மாட்ட அது அருமையான இடம் என்பது கூடுதல் வசதி.

ரெந்தால் 1969-லிருந்து இங்கிலாந்தில் ஹேண்டில்பார் செய்கிற நிறுவனம், அவர்களுடைய 22 மி.மீ. அலுமினிய பார்கள் பல வளைவுகளில் கிடைக்கின்றன. குறுக்குக் கம்பி இல்லாத தடித்த பாரை 1990-களில் மோட்டோகிராஸில் பரப்பியதில் புரோடேப்பர் நிறுவனத்தின் பங்கு பெரியது. குறுக்குக் கம்பி இல்லாததால் பார் முழு நீளத்திலும் சிறிது நெகிழும், கல்லில் மோதும் அதிர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும் என்பது அவர்கள் தரப்பு வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 200 கிலோவுக்கு மேல் கனமுள்ள, நீண்ட சஸ்பென்ஷன் கொண்ட வண்டியில் அந்த வித்தியாசத்தைக் கை உணர்வது கடினம். டயர்க் காற்றை இரண்டு பிஎஸ்ஐ குறைத்தால் அதைவிட அதிகம் தெரியும் என்பது என் எண்ணம்.

உலோகக் கலவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014, 7075 என்று எண்கள் போட்டிருப்பார்கள். 7075 அதிக வலிமை கொண்டது. வளைந்து அப்படியே நின்றுவிட அதிக விசை வேண்டும். ஆனால் எந்த அலுமினியக் கலவையின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கையில் உணரும் நெகிழ்வை நிர்ணயிப்பது விட்டமும் சுவர்த் தடிமனும் வளைவும். கலவை எண்ணை வைத்து "இது மிருதுவாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. எண்ணே போடாமல் வெறுமனே "அலாய்" என்று மட்டும் எழுதிய, பெயர் தெரியாத பாரை நான் எந்த வண்டிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு சக்கர வண்டியில் ஸ்டியரிங் உடைந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

எஃகைக் குறைத்துப் பேசாதீர்கள்

வண்டியோடு வந்த எஃகு பார் விலை குறைவு, கனம் அதிகம், கொஞ்சம் பலமாக விழுந்தால் வளையும். இந்த மூன்றும் சேர்ந்து அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. ஆனால் வளைவதிலும் ஒரு நன்மை இருக்கிறது. எஃகு வளைந்து எச்சரிக்கிறது. ஆளரவமற்ற இடத்தில் வளைந்த எஃகு பாரை ஒரு குழாயைச் செருகி ஓரளவு நிமிர்த்தி, அடுத்த ஊர் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம், அங்கே புதியதை மாற்றிக்கொள்ளலாம். அலுமினிய பாரை அப்படி நிமிர்த்தவே கூடாது. நிமிர்த்தும்போதே நுண்ணிய விரிசல் விழலாம், அது கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து பின்னொரு நாள் ஒடியலாம். எஃகுக்குச் சோர்வு எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி உறுதியான எல்லை இல்லை. சின்னச் சின்ன அதிர்வுகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் பலமாக விழுந்த அலுமினிய பார், பார்ப்பதற்கு நேராக இருந்தாலும், மாற்றப்பட வேண்டியதே.

ஆகவே தொலைதூரப் பயணத்தில், பாகங்கள் எளிதில் கிடைக்காத இடங்களுக்கு, 22 மி.மீ. வண்டியில் போகிற ஒருவர், பழைய பாரின் வளைவு தனக்குப் பொருந்துகிறது என்றால், அதே எஃகு பாரையே மறுபடி வாங்கிப் போடுவது தாழ்ந்த முடிவு அல்ல. கையையும் லீவரையும் காக்கும் நல்ல ஹேண்ட் கார்டு போட்டால் அந்த எஃகு பாரின் ஆயுளும் நீளும்.

அடிக்கடி விழுகிறவர், கற்றுக்கொண்டிருக்கிறவர், பாறையும் சேறும் நிறைந்த பாதைகளைத் தேடிப் போகிறவர் ஆகியோருக்கு 28 மி.மீ. அலுமினியம்தான் சரி. சாதாரணமாகச் சாய்ந்து விழுவதில் எஃகு வளையும் இடத்தில் இது அசையாமல் நிற்கும். இந்த வகைக்கு மாறும்போது கவனிக்க வேண்டியது, கிளாம்ப் மாற்றத்தால் வரும் உயரம். மேல் கிளாம்பைத் தனியாக மாற்ற முடியாத வண்டிகளில் 22-லிருந்து 28-க்கு மாற்றும் அடாப்டர் போட வேண்டும், அதுவே 25 அல்லது 30 மி.மீ. உயர்த்திவிடும். உயரமும் வேண்டும் என்று உயரமான வளைவையும் எடுத்தால் இரண்டும் சேர்ந்து பார் மார்புக்கு வந்துவிடும். அடாப்டரின் உயரத்தைக் கழித்துவிட்டு மீதி உயரத்துக்கு மட்டும் வளைவைத் தேடுங்கள்.

மற்ற இரண்டு வகைகள் சீக்கிரம் சொல்லிவிடக் கூடியவை. குழாய்க்குள் குழாய் வைத்த ரெந்தால் ட்வின்வால் மாதிரியான பார்கள் தாவிக் குதிக்கும் மோட்டோகிராஸுக்காகச் செய்யப்பட்டவை; பயண வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஃபாஸ்ட் கம்பெனியின் ஃப்ளெக்ஸ் பாரில் இரண்டு பக்கமும் கீல் வைத்து, நடுவே ரப்பர் போன்ற மென்மையான கட்டையைப் பொருத்தியிருப்பார்கள். கை மேலும் கீழும் சற்று அசையும், முன்பின்னாக அசையாது. அந்தக் கட்டையின் கடினத்தை உடல் எடைக்கு ஏற்ப மாற்றலாம். கனமும் விலையும் அதிகம். மணிக்கட்டில் பழைய காயமோ மூட்டுவலியோ உள்ளவருக்கு அது நிஜமாகவே உதவும், அவர் விலையைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆரோக்கியமான கை உள்ளவர் அந்தப் பணத்தை முன் சஸ்பென்ஷனைச் சரிசெய்யச் செலவிடலாம்.

பொருத்துவதில் வரும் சிக்கல்கள்

நல்ல பாரைத் தேர்ந்தெடுத்தும் பொருத்தும்போது திணறுவதற்குக் காரணம் பாரைச் சுற்றியுள்ள பொருள்கள்தான். முதலாவது கேபிள்களும் ஹோஸ்களும். பாரை உயர்த்தினாலும் அகலப்படுத்தினாலும் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர் எல்லாம் இழுபடும். எல்லாவற்றையும் பொருத்தியதும் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். எந்த இடத்திலாவது எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம், அப்படியே ஓட்டினால் மெதுவான திருப்பத்தில் வண்டி தானாகப் பாயும். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுக்க நீண்ட நிலையிலும் பிரேக் ஹோஸைப் பாருங்கள். தரையில் நிற்கும்போது தளர்வாகத் தெரிகிற ஹோஸ் அந்த நிலையில் விறைத்து நிற்கலாம். எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் உள்ள வண்டியில் கேபிள் இல்லாவிட்டாலும் அதன் ஒயருக்கும் இதே சோதனைதான். முழுக்கத் திருப்பிய நிலையில் லீவரோ ஸ்விட்ச் பெட்டியோ டேங்கிலும் முன் கண்ணாடியிலும் முட்டாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கும் சிறிய முளை. வண்டியோடு வந்த பாரில் அதற்கு ஒரு துளை இருக்கும், மாற்று பாரில் இருக்காது. துளை போடுவதா, முளையைத் தேய்த்து எடுப்பதா? பாரில் துளை போட்டால் அங்கே விசை குவியும். அலுமினியத்தில் அது விரிசலுக்கு வரவேற்பு. நான் முளையைத்தான் தேய்ப்பேன், ஸ்விட்ச் பெட்டி சுழலாமல் இருக்க அடியில் மெல்லிய டேப் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டரின் பெட்டி மட்டும் சுழலவே கூடாத ஒன்று என்பதால், அதற்குத் தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது இடம். கைப்பக்கம் இருக்கும் நேர்ப்பகுதியில் கிரிப், ஸ்விட்ச் பெட்டி, லீவர், கண்ணாடி, ஹேண்ட் கார்டின் கிளாம்ப் எல்லாம் வரிசையாக உட்கார வேண்டும். தடித்த பாரில் குழாய் சீக்கிரமே தடிக்கத் தொடங்குவதால் ஹேண்ட் கார்டின் உள்பக்கக் கிளாம்புக்கு இடம் இல்லாமல் போகலாம். சிறுத்துவரும் பகுதிக்கு என்றே வடிவமைத்த கிளாம்புகளை பார்க்பஸ்டர்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் தருகிறார்கள், உங்கள் பாருக்குச் சரியான கிளாம்பைக் கேட்டு வாங்க வேண்டும். முனையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பல வண்டிகளின் எஃகு பாரில் முனைக்குள் மரை வெட்டிய கட்டை இருக்கும், எடையும் ஹேண்ட் கார்டும் அதில் திருகப்படும். மாற்று அலுமினிய பாரின் முனை வெறும் ஓட்டை, உள்விட்டம் சுமார் 14 மி.மீ. அதற்கு விரிந்து பிடிக்கும் வகை பிளக் வேண்டும். பாரை வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்காவிட்டால் வண்டி பாதியில் நிற்கும்.

முனை எடைகளைத் தேவையில்லாத அலங்காரம் என்று கழற்றி வைக்காதீர்கள். அவை அதிர்வை அடக்குவதற்காக அங்கே இருக்கின்றன. கனமான எஃகு பாரிலிருந்து இலகுவான அலுமினியத்துக்கு மாறினால் அதிர்வு எழும் எஞ்சின் வேகமே மாறலாம். முன்பு 90 கி.மீ. வேகத்தில் சுகமாக இருந்த வண்டி, அதே வேகத்தில் கையை மரத்துப்போகச் செய்யலாம், ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் குறிப்பாக. அப்போது முனையில் கனத்தைக் கூட்டிப் பாருங்கள்.

சூடேறும் கிரிப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அலுமினியம் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால் கிரிப் முன்பைவிட மந்தமாகச் சூடேறும். பாரின் மேல் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட்-ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு அடுக்கு போட்டுவிட்டு அதன் மேல் கிரிப்பைப் பொருத்தினால் பெருமளவு சரியாகும். ஆக்சிலரேட்டர் பக்கம் மட்டும் எதையும் சுற்றக் கூடாது, அங்கே கிரிப்போடு சேர்ந்து சுழலும் குழாய் தடையில்லாமல் சுழன்று தானாகத் திரும்பி வர வேண்டும். சில நாடுகளில் மாற்று ஹேண்டில்பாருக்கு அனுமதிச் சான்று தேவை. அந்த விவரம் பாரின் பெட்டியில் இல்லாவிட்டால், தயாரிப்பாளரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாகக் கிளாம்ப். பாரையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, பாரின் நடுக்குறிகளை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்து, வண்டியின் கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். சில வண்டிகளில் முன் போல்ட்டை முழுக்க இறுக்கிய பிறகே பின் போல்ட், வேறு சிலவற்றில் இரண்டு பக்கமும் சம இடைவெளி விட்டு இறுக்க வேண்டும். இந்த முறையை மாற்றினால் கிளாம்ப் விரிசல் விடும். கிளாம்பின் ஓரம் கூர்மையாக இருந்து பாரைக் கீறுகிறதா என்று தடவிப் பாருங்கள். அந்தக் கீறலிலிருந்துதான் அலுமினியம் ஒடியத் தொடங்கும். எல்லாம் முடிந்ததும் பாருக்கும் கிளாம்புக்கும் குறுக்கே பெயிண்ட் மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். முதல் கரடுமுரடான பாதையை முடித்துவிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் பார் கிளாம்புக்குள் சுழன்றிருக்கிறது. கழற்றித் துடைத்து, மறுபடியும் அளவாக இறுக்க வேண்டும்.